இருப்பு எங்கே தம்பி? ஒரு மாத்திரை ஆப் கடைக்கு வந்த கதை

காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் ஒரு வீடு. முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் போய்த் திறக்கும். போன் முகப்பில் சார்ஜில் கிடக்கிறது. காலை எட்டு மணிக்கு எங்கள் ஆப் ‘மாத்திரை நேரம்’ என்று மணி அடிக்கிறது. ஆச்சி கடைசிக் கட்டில், அடுப்படியில் நிற்கிறார். அந்த வீட்டில் மணியைக் கேட்ட ஒரே ஆள், முகப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான்தான்.

சென்னையில் மேஜை மேல் வைத்துச் சோதித்தபோது கணீரென்று கேட்ட மணி அது. பயனாளிகளோடு சேர்ந்து வடிவமைக்கப் போகிறோம் என்று பெருமையாகக் கிளம்பி வந்த முதல் வாரம் இப்படித்தான் விடிந்தது. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றைக்கு அந்த ஆப் காசுக்குப் போகிறது. ஆனால் நாங்கள் நினைத்த ஆள் வாங்கவில்லை, நாங்கள் நினைத்த பொருளும் விற்கவில்லை. எங்கே எது மாறியது என்று எழுதிவைத்தால் இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஆகும் என்று எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களைச் சொல்கிறேன். ஆட்கள், கடைகள், மானியம் கொடுத்த இடம் எதற்கும் பெயர் போடப் போவதில்லை.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று கணக்கிட்டது. மருந்தை எழுதிக் கொடுத்துவிடலாம், அதை மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் விடாமல் போட வைப்பதுதான் பாடு. நீண்டகால நோய்களுக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003லேயே சொல்லியிருக்கிறது. செட்டிநாட்டில் இது இன்னொரு முகம் காட்டும். அறுபது எழுபது பேர் புழங்கக் கட்டிய வீட்டில் வயதான இருவர், சில வீடுகளில் ஒருவர்; பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், மலேசியாவில், அமெரிக்காவில். நான் தேவகோட்டைக்காரன், எங்கள் வீட்டுக் கதையும் ஏறத்தாழ இதுதான். நாங்கள் மூன்று பேர், ஒரு வருஷத்துக்கு மானியம், கையில் அரைகுறையாக ஒரு ஆப்.

பயனாளிகளைக் கூட உட்கார வைத்து வடிவமைக்கும் முறை புதிதில்லை. 1970களில் நார்வேயில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கமும் கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞரும் சேர்ந்து, தொழிற்சாலைக்குள் கம்ப்யூட்டர் வரும்போது தொழிலாளிக்கும் அதில் பேச்சு வேண்டும் என்று ஆரம்பித்த வேலை அது. அங்கே ஒரு சௌகரியம் இருந்தது. காசு கொடுக்கப் போகிறவர் முதலாளி என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். நாங்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம், முதலாளி யார் என்று கேட்க மறந்துபோனோம். மறதிக்கான வட்டி பின்னால் வந்தது.

பதினோரு பேர் எங்களோடு சேர்ந்தார்கள். ஆச்சிமார் ஆறு பேர், ஓய்வு பெற்ற ஒரு கணக்குப்பிள்ளை, இரண்டு ஆசிரியர்கள், ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, அவருடைய வீட்டுக்காரர். வாரம் ஒரு நாள் ஏதாவது ஒரு வீட்டு முகப்பில் கூடுவோம். தேன்குழல் வரும், சீடை வரும், காப்பி வரும். சர்க்கரை நோய்க் கூட்டத்துக்குச் சர்க்கரை போட்ட காப்பி வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தோம், “உங்களுக்குத்தானே போட்டது, எங்களுக்கா?” என்று பதில் வந்தது.

குறைகளைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஜான் புரூக் என்பவர் 1986ல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, மென்பொருள் எவ்வளவு சுலபம் என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கேள்வி பாராட்டாக வரும், அடுத்தது குறையாக வரும், மாறி மாறி. தமிழாக்கிக் கொடுத்தோம். ‘இது சுலபமாக இருக்கிறது’ என்பதற்கும் ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’, ‘இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது’ என்பதற்கும் ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’. வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் முகத்துக்கு நேரே குறை சொல்லி அனுப்புகிற வழக்கம் அங்கே கிடையாது. சரி என்று பட்டியலைச் சுருட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள் என்றோம். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. “இந்தப் பச்சையை மட்டும் அமுக்கிறாதே, எங்கயோ கொண்டுபோய் விட்டுரும், அப்புறம் பேரன் வந்தாத்தான் மீட்கணும்.” அந்தப் பச்சைப் பொத்தான்தான் எங்கள் ஆப்பின் முகப்புப் பக்கத்துக்குப் போகிற வழி.

மணிப் பிரச்சினையை அவர்களே தீர்த்தார்கள். எப்படி என்றால், மணியையே எடுத்துவிட்டார்கள். காலையில் சாமி வீட்டில் விளக்கேற்றுவது மட்டும் எந்த நாளும் தவறாது, மாத்திரை டப்பாவை விளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் போயிற்று என்றார் ஒரு ஆச்சி. எங்கள் புரோகிராமர் மூன்று வாரம் உழைத்த மணி அன்றைக்கே காலி. அதற்குப் பதில் ராத்திரி படுக்கும்போது ஒரே ஒரு அமுக்கு, ‘இன்னைக்கு ஆச்சு’. அந்த அமுக்குக்கு ஒரு நூல் திரையில் சேரும். 21 நாள் விடாமல் சேர்ந்தால் நூல்கள் முறுக்கிக்கொண்டு திரியாகும். இது பிள்ளையார் நோன்பிலிருந்து வந்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் நோன்பு அது, புது வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுப்பது என்று பெயர். அதனால் ஆப்பிலும் ‘இழை’ என்றே எழுதினோம். “பதினெட்டு இழை ஆச்சு” என்று ஆச்சிமார் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வதைக் கேட்டபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி விற்க வேண்டியதுதான் என்று நினைத்தோம்.

விரத நாள் விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சஷ்டி, பிரதோஷம், அமாவாசை என்று மாதத்தில் நாலைந்து நாள் பலகாரம் நேரத்துக்கு இருக்காது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மெட்ஃபார்மினில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும். ஆகவே ‘இன்னைக்கு விரதம்’ என்று ஒரு பொத்தான் வேண்டும், அதை அமுக்கினால் எந்த மாத்திரையைப் போடலாம் எதை விடலாம் என்று ஆப் சொல்ல வேண்டும் என்பது பதினோரு பேரும் ஒருமனதாகக் கேட்டது. கேட்டதை அப்படியே செய்துகொடுத்திருந்தால் பெரிய வம்பில் மாட்டியிருப்போம். 2020 பிப்ரவரியில் வந்த அறிவிக்கைப்படி, அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் நோயைக் கண்டறிய, கண்காணிக்க, சிகிச்சை தர என்று செய்யப்படும் மென்பொருளும் நம் நாட்டில் மருத்துவக் கருவிதான். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நாலு வகுப்பு, உரிமம், தரக்கட்டுப்பாட்டு ஆவணங்கள் எல்லாம் உண்டு. எங்களுக்கு ஆலோசனை சொன்னவர் போட்ட கோடு இதுதான்: டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம், நீங்களாகக் கணக்குப் போட்டு எதையும் சொல்லக் கூடாது.

கடைசியில் பொத்தான் இருக்கிறது, மூளை இல்லை. விரத நாளில் என்ன செய்யணும் என்று ஒவ்வொருவரும் தன் டாக்டரிடமே கேட்டு, அவர் சொல்வதை அவர் குரலிலேயே போனில் பதிந்துகொள்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் அந்தக் குரல் பேசும், அவ்வளவுதான். டாக்டர்கள் பதிந்து தருவார்களா என்று எங்களுக்குப் பயம் இருந்தது. ஆச்சிமாருக்கு இல்லை, சீட்டு எழுதும்போதே போனை நீட்டினார்கள். “டாக்டரு சொல்லுறாக, நான் கேக்குறேன், நடுவுல இந்த ஆப்பு எதுக்குப் பேசணும்?” என்று ஒருவர் பிறகு சொன்னபோது, இதை முதலிலேயே இவரிடம் கேட்டிருந்தால் வக்கீல் செலவு மிச்சமாகியிருக்குமே என்று தோன்றியது.

இனி கணக்குப்பிள்ளை. ரொம்ப வருஷம் ஒரு வட்டிக்கடையில் பேரேடு எழுதியவர். இரண்டாவது மாதக் கூட்டத்தில் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி. இருப்பு எங்கே தம்பி?”

எனக்குப் புரியவில்லை. அவர் தன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். கோடு போட்ட நோட்டு, மாத்திரைக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வாங்கியது, வலது பக்கம் போட்டது, ஓரத்தில் இருப்பு. தினமும் ராத்திரி எழுதுகிறார். நாங்கள் ‘போட்டாரா, போடவில்லையா’ என்பதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம்; அவரைப் பொறுத்தவரை அது பாதிக் கணக்கு. மாத்திரை ஒரு அட்டையில் 10, இன்னொன்றில் 15. இரண்டு மாத்திரை காலை மாலை, ஒன்று காலை மட்டும். எதுவும் ஒரே நாளில் தீராது. ஒன்று செவ்வாய்க்கிழமை தீரும், இன்னொன்று அடுத்த வெள்ளி, ஒவ்வொன்றுக்கும் பஸ் பிடித்துக் காரைக்குடிக்குப் போக வேண்டும், கால்வலியில் இரண்டு நாள் தள்ளிப் போடுவார்கள், அந்த இரண்டு நாள் மாத்திரை இல்லை. மறதி என்று நாங்கள் எழுதி வைத்திருந்ததில் நல்ல பங்கு இந்த வகைதான். எல்லா அட்டையும் ஒரே தேதியில் தீருகிற மாதிரி முதல் மாதம் கூடக்குறைய வாங்கி நேர்செய்துகொள்ளலாமே என்றும் அவரே சொன்னார். அமெரிக்காவில் மருந்துக்கடைகள் இதை ஒரு சேவையாகவே செய்கின்றன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இருப்பைச் சேர்த்தோம். மானியமும் தீர்ந்தது. அறிக்கை கொடுத்தோம், பாராட்டுக் கடிதம் வந்தது, காசு நின்றது.

ஆப் பிடித்திருந்தால் காசு தானாக வரும் என்பது பொய் என்று அடுத்த மூன்று மாதத்தில் தெரிந்தது. ஜெர்மனியில் 2019 சட்டத்தின்படி பட்டியலில் ஏறிய ஹெல்த் ஆப்பை டாக்டர் சீட்டில் எழுதலாம், அரசு சார்ந்த காப்பீடு அதற்குக் காசு கொடுக்கிறது. அமெரிக்காவில் பேர் தெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனம் 2017லேயே போதைப் பழக்கத்துக்கான ஆப்புக்கு அரசு அனுமதி வாங்கியது, டாக்டர்கள் சீட்டும் எழுதினார்கள், காப்பீட்டுக்காரர்கள் போதிய அளவில் காசு கொடுக்க முன்வரவில்லை, 2023 ஏப்ரலில் திவால். அனுமதியும் ஆய்வும் கையில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. இங்கே புறநோயாளி மருந்துக்கே பெரும்பாலும் சொந்தக் கைக்காசு, இதில் ஆப்புக்கு யார் கொடுப்பார்?

வெளிநாட்டுப் பிள்ளைகள் கொடுப்பார்கள் என்று நினைத்தோம். கொடுக்கவும் செய்தார்கள், முதலில். ஆனால் காசு கொடுக்கிறவர்கள் கேட்டது வேறு. சர்க்கரை அளவு எண்ணாக வேண்டும், வரைபடம் வேண்டும், கூடினால் தகவல் வேண்டும். போட்டுக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் ஒரு ஆச்சியின் கணக்கில் தினமும் 110 என்றே ஏறிக்கொண்டிருந்தது. நேரில் போய்க் கேட்டேன்.

“டாக்டரு 110 இருந்தா நல்லதுன்னாக. அதான் போட்டேன்.”

“நிஜமா எவ்வளவு ஆச்சி?”

“அது எனக்கும் டாக்டருக்கும். 240ன்னு அவன் அங்கிட்டு இருந்து பார்த்தா, ராத்திரியே போன் போட்டு, என்ன ஆத்தா தின்னேம்பான். நான் மனகோலம் தின்னதைச் சிங்கப்பூர்ல இருக்கவனுக்கு என்னத்துக்குச் சொல்லணும்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. எங்களோடு உட்கார்ந்து வடிவமைத்தவரை, நாங்களே காசுக்காகக் காட்டிக்கொடுத்திருக்கிறோம். எண்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தோம், ‘இன்னைக்கு ஆச்சு’ என்ற ஒரு குறி மட்டும் போகும், அதையும் ஆச்சி நினைத்தால் நிறுத்தலாம். சந்தாக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு போன் போட்டால் தெரிகிற விஷயத்துக்கு எதற்கு மாதக் காசு என்று ஒரு பிள்ளை கேட்டார், நியாயம்தான்.

காசு எங்கே இருந்தது என்றால், காரைக்குடியில் ஒரு மருந்துக்கடைக் கல்லாவில். ஆப்பைக் காட்டப் போகவில்லை, ஆச்சி ஒருவருக்கு மாத்திரை வாங்கப் போனேன். இருப்புப் பக்கத்தைப் பார்த்து எண்ணிக்கை சொன்னதும் கடைக்காரர், “அண்ணே, இதைக் கொஞ்சம் இங்கிட்டுக் காட்டுங்க” என்றார். அவர் கவலை ஆன்லைன் தள்ளுபடி. அரசு விலை நிர்ணயிக்கும் மருந்துகளுக்கு 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் கணக்கில் சில்லறைக் கடைக்கு வைத்திருப்பது 16 சதவீதம். அதில் தள்ளுபடிப் போட்டியில் இறங்க முடியாது. ஆனால் எந்த வீட்டில் என்றைக்கு எது தீரும் என்று முன்கூட்டித் தெரிந்தால், பையனை அனுப்பிக் கொடுத்துவிடலாம், வாடிக்கை கைவிட்டுப் போகாது.

இந்தத் தடவை உஷாராக இருந்தோம். அவர் கடையில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஆச்சிமாரோடு செய்ததை அவரோடும் செய்தோம். நாங்கள் ஆசையாகப் போட்டுக்கொண்டு போன கம்ப்யூட்டர் திரையை அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “கடை திறந்ததும் ஒரு தாள் வரணும், பையன் சட்டைப்பையில மடிச்சு வெச்சுக்கிற மாதிரி.” ஆகவே இப்போது பில் மெஷினிலிருந்தே காலையில் ஒரு நீளத் தாள் வருகிறது: வீடு, மாத்திரை, எத்தனை, எப்போது தீரும். வீட்டு நம்பர் போட்டால் பையனுக்குத் தெரியாது, அந்தப் பக்கத்தில் வீட்டை விலாசத்தை, அதாவது குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்துத்தான் சொல்வார்கள். விலாசத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். கடை மாதாமாதம் எங்களுக்குக் கட்டணம் தருகிறது, ஆச்சிமாருக்கு இலவசம். சீட்டு இல்லாமல் எதையும் கொடுப்பதில்லை, சீட்டுக் காலாவதியானால் தாளில் அந்த வரியே வராது.

சம்மதம் வாங்குவதை மட்டும் சென்னையில் எழுதிய படிவத்தை வைத்து ஒப்பேற்றவில்லை. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் பார்க்க வழி வேண்டும் என்கிறது, சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. பையனிடம் “இனி வேண்டாம்ப்பா” என்று சொன்னாலே போதும், அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கடையோடு எழுதிக்கொண்டோம். வாயால் கொடுத்ததை வாயாலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆத்தங்குடி அம்மாவும் வீட்டுக்காரரும் மருந்தைக் கடையில் வாங்குவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே இலவசமாக வருகிறது. பதினோரு பேரில் ‘இன்னைக்கு ஆச்சு’ பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொன்னவர் அந்த அம்மாதான், சிமெண்ட் பட்ட விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது என்று காட்டியவரும் அவர்தான். காசு வருகிற பொருளில் அவருக்கு இடமில்லை. ஆப் அவர் போனில் ஓடுகிறது, மாத்திரை கொண்டுவருகிறவரிடம் “நாலுதான் இருக்கு” என்று இருப்பைக் காட்டுகிறாராம். ஆனால் ஏதாவது பழுதானால் சரிசெய்துகொடுக்க எங்களுக்குக் காசு கொடுப்பவர் யாருமில்லை, நாங்களே நேரம் கிடைக்கும்போது போகிறோம். இது சரியில்லை.

மதுரையில் ஒரு கடை கேட்டபோது ‘இழை’யில் முட்டியது. அங்கே யாருக்கும் விளங்கவில்லை, துணிக்கடை ஆப்பா என்று கேட்டார்கள். ‘நாள்’ என்று மாற்றி எல்லோருக்கும் அனுப்பினோம். மறுநாள் காலை பள்ளத்தூரிலிருந்து போன், “என் பத்தொன்பது இழை எங்க போச்சு?” இப்போது செட்டிநாட்டுக்கு மட்டும் தனிச் சொற்கோப்பு வைத்திருக்கிறோம், புரோகிராமர் ஒவ்வொரு பதிப்புக்கும் முணுமுணுத்துக்கொண்டே அதைத் தனியாகச் சோதிக்கிறார்.

முதல் கடை கையெழுத்துப் போட்ட விஷயம் தெரிந்ததும் கணக்குப்பிள்ளை வரச் சொன்னார். போனேன். இருப்பு யோசனை அவருடையது, அது இப்போது விற்கிறது, அவர் பங்கு என்ன என்று கேட்டார். கோபமாக இல்லை, வரவு செலவு கேட்கிற குரலில்தான். மானியத்துக்காகக் கையெழுத்து வாங்கிய படிவத்தில் எல்லா யோசனையும் எங்களுக்கே சொந்தம் என்று பொடி எழுத்தில் இருந்தது. கூட்டத்துக்கு வந்ததற்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு கொடுத்திருந்தோம். “தூக்கை எந்தப் பத்துல எழுதுறது?” என்றார், பேரேட்டில் எந்தக் கணக்கில் என்று அர்த்தம். படிவத்தைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. பேசி முடித்தோம்: கடை ஒன்றுக்கு மாதம் ஐம்பது ரூபாய் அவருக்கு, கடை இருக்கும்வரை. மற்றவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினோம், அதை எப்படிப் பிரிப்பது என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார், நாங்கள் போட்டதைவிட நியாயமாக இருந்தது.

மாதம் முதல் தேதி போன் வரும். போன மாதமும் வந்தது. எத்தனை கடை என்றார், ஏழு என்றேன். “இருப்பு உதைக்குதே தம்பி, தேவகோட்டைக் கடைக்காரரு பத்தாம் தேதியே சேர்ந்துட்டேன்னாகளே.” பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். எட்டுதான்.